கைவிளையாட்டுப் பொறியைப் பேணும் முறை

தோற்றுவாய்

பொருளைத் தேடுதல் ஒரு வினை. தேடிய பொருளைக் காத்தல் பிறிதொரு வினை. முன்னதற்கு ஊக்கம் வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். நம்முட் பலர் முன்னதில் வல்லர், பின்னதில் மெலியர். புதிதாய் வாங்கிய கருவியை நாள்தோறும் துடைத்து மகிழும் நாம், ஆண்டொன்று கழிந்தபின் அஃது எம்மூலையிற் கிடக்கின்றது என்பதையும் அறியோம். பழுதுற்ற நாளில், "இக்காலத்துப் பண்டங்கள் நெடுநாள் உழையா" என்று செய்தவன்மேற் பழிசுமத்தி அமைகின்றோம். செய்தவன் குற்றம் சில இடங்களில் உண்டு. பேணாதவன் குற்றமோ பல இடங்களில் உண்டு. இதனை ஒரு சிறு கருவியைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கருவி கையிலடங்கும் விளையாட்டுப் பொறி. தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கும் விளையாட்டுப் பொறிக்கும் இயைபு யாதென நகைப்பார் சிலர் இருத்தல் கூடும். அவர் இறுதிவரை பொறுத்துப் படிப்பாராயின் இயைபு விளங்கும். பொதுவாகக் கூறின் தெளிவு பிறவாதாகலின், ஜப்பான் நாட்டு நின்டெண்டோ கம்பெனியார் 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள் வெளியிட்ட "கேம் பாய்" என்னும் பொறி ஒன்றனையே இங்கு எடுத்துக்கொள்வேன். ஏனைய பொறிகளுக்கும் இம்முறைகளிற் பெரும்பாலன பொருந்தும்.

கருவியின் வரலாறு

நின்டெண்டோ கம்பெனி 1889-ஆம் ஆண்டிற் கியோட்டோ நகரில் மலர்ச்சீட்டுகள் செய்து விற்கும் தொழிலாகத் தொடங்கியது. அதன்கட் பணிபுரிந்த குன்பெய் யோக்கோய் என்பார் 1980-இல் "கேம் அண்டு வாட்ச்" என்னும் சிறு விளையாட்டுக் கருவிகளை ஆக்கினார். அவரும், சத்தோரு ஒக்காடா முதலிய பொறியறிஞரும் கூடி உழைத்ததன் பயனே கேம் பாய். புதுமை கருதிப் பொருட்செலவு மிகுந்த உறுப்புகளை நாடாது, பலராலும் ஆண்டு பழகித் தேர்ந்த மலிவான உறுப்புகளைப் புதுவழியிற் பயன்படுத்துதல் யோக்கோயின் கொள்கையாகும். ஆகவே அவர் வண்ணத்திரையை விடுத்து, நான்கே சாயல்கள் தோன்றும் திரையைத் தேர்ந்தார். அத்திரையிற் குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகளே உள்ளன. பின்னிருந்து ஒளிவீசும் விளக்கும் அதற்கு இல்லை.

இக்குறைகளே நிறைகளாயின. 1990-இல் வெளிவந்த சேகா கம்பெனியாரின் "கேம் கியர்" வண்ணமும் விளக்கும் உடையதாயினும் ஆறு மின்கலங்களைச் சிலமணி நேரத்தில் உண்டு தீர்த்தது. கேம் பாயோ நான்கு மின்கலங்களைக்கொண்டு பத்து மணிக்கு மேலும் இயங்கியது. அதன் வலிமைக்குச் சான்றாக ஒரு செய்தி கூறுவர். 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் தீயாற் கருகி உருகிய கேம் பாய் ஒன்று, புறக்கூடு சிதைந்தும் இயங்கவல்லதாய் நியூயார்க்கு நகரில் அக்கம்பெனியாரின் கடையில் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 1993-இல் உருசிய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெபுரோவ் இப்பொறியொன்றை விண்வெளிக்கும் எடுத்துச் சென்றார். 2003-ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றது. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்திற்கு மேல் விற்பனையாயின. அவற்றுட் பல இன்றும் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் உறங்குகின்றன. போர்த்தீயை வென்ற பொறி, கவனிப்பாரின்றிக் கிடந்த மின்கலத்தின் கசிவினால் மாள்வது இரங்கத்தக்கதன்றோ?

வேண்டும் பொருள்கள்

தொழிலைத் தொடங்குமுன் கருவிகளை ஒருங்கு சேர்த்தல் வேண்டும். அவையாவன: மூன்று சிறகுடைய தலைக்கேற்ற சிறு திருப்புளி ஒன்று, நாற்சிறகுத் திருப்புளி ஒன்று, பஞ்சு சுற்றிய குச்சிகள், மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ், நூல் உதிராத மெல்லிய துணி, காடி எனப்படும் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்குக் குறையாத செறிவுடைய ஐசோபுரோபைல் ஆல்கஹால், கையுறை, திருகாணிகளை இட்டுவைக்கச் சிறு கிண்ணங்கள். ஆல்கஹால் விரைவில் ஆவியாகி நீர்ப்பசையை விட்டுவையாத இயல்பினதாகலின் மின்கருவிகளுக்கு உகந்தது. ஆயினும் எளிதிற் றீப்பற்றுவதாகலின் விளக்கிற்கும் அடுப்பிற்கும் அணுகாமல், காற்றோட்டமான இடத்தில் வைத்தே ஆளல்வேண்டும்.

தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், துருநீக்கும் எண்ணெய் ஆகியவற்றை இவ்விடத்து விலக்குக. இவை தூசியை ஈர்த்துப் பற்றிக்கொள்ளும். சில பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும். உப்புத்தாளும் ஆகாது. ஏன் ஆகாதென்பது பின்னர் விளங்கும்.

பொறியைத் திறத்தல்

முதலிற் சுவிட்ச்சை நிறுத்தி, மின்கலங்களையும் கார்ட்ரிட்ஜையும் வெளியே எடுத்துவிடுக. உடம்பில் தங்கிய நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்குமாதலால், பெரிய இரும்புப் பொருள் ஒன்றைத் தொட்டு அதனைப் போக்கிக்கொள்க. பின்புறத்தில் ஆறு திருகாணிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு மின்கல அறையினுள் மறைந்திருக்கும். இவ்விரண்டையும் காணாது கூட்டைப் பிளக்க முயன்று உடைத்தவர் பலர். வலியப் பிரிக்கவேண்டிய நிலை தோன்றுமாயின், எங்கோ ஒரு திருகாணி எஞ்சியுள்ளது என்றே கொள்ளல்வேண்டும்.

திருகாணிகள் நீங்கியபின் முன்பாதியையும் பின்பாதியையும் புத்தகத்தை விரிப்பதுபோல் மெல்ல விரிக்க. இருபாதிகளையும் தட்டையான நாடாக்கம்பி ஒன்று இணைத்துநிற்கும். அதனை இழுத்து அறுத்தவருக்குப் பொறி இல்லையாகும். அதன் முனையைப் பிடித்து நேரே மெதுவாக வாங்கிக் கழற்றுக. எத்திருகாணி எவ்விடத்தது என்பதைத் தாளில் வரைந்த படத்தின்மேல் அங்கங்கே வைத்துக்கொள்ளுதல் நன்று. நினைவை நம்புதல் தேர்வுக்கும் ஆகாது, இதற்கும் ஆகாது.

மின்கல அறை

இப்பொறிக்கு நேரும் கேடுகளுள் தலையாயது மின்கலக் கசிவு. ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படாது கிடந்த காரவகை மின்கலத்தினின்று பொட்டாசியம் ஹைடிராக்சைடு என்னும் காரம் கசிகின்றது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடிப் பொட்டாசியம் கார்பனேட்டு என்னும் வெள்ளைப் பூப்பாக முனைகளிற் படிகின்றது. கம்பிச்சுருள்களை அரித்துப் பச்சையும் பழுப்புமாக்குகின்றது. காலம் செல்லச்செல்ல மின்சுற்றுப் பலகைக்கும் ஊர்கின்றது.

காரத்தை அமிலத்தால் மாற்றுதல் வேதியியல் நூலார் விதி. ஆதலின் பஞ்சுக்குச்சியை வினிகரில் அல்லது எலுமிச்சைச் சாற்றில் தோய்த்துப் பூப்பின்மேல் ஒற்றுக. சிறிது நுரைத்தெழுந்து பூப்புக் கரையும். நுரை அடங்குந்தோறும் புதிய குச்சியால் மீண்டும் ஒற்றுக. பூப்பு நீங்கியபின், அமிலமும் அவ்விடத்துத் தங்குதல் கூடாதாகலின், சிறிது நீர்தொட்ட குச்சியாலும், பின்னர் ஆல்கஹால் தோய்ந்த குச்சியாலும் துடைத்து நன்கு உலரவிடுக. இவ்வளவையும் கையுறை அணிந்தே செய்க. அக்கையாற் கண்ணைத் தொடாதிருக்க.

இங்கு ஒரு வேறுபாடு நினைக்கத்தக்கது. விலைகுறைந்த துத்தநாகக் கரி மின்கலங்களிற் கசிவது காரமன்று, அமிலத்தன்மையுடைய உப்புநீரே. அதன்மேல் வினிகர் இடுதல் எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பதுபோலாம். அதற்கு ஆப்பச்சோடாவை நீரிற் குழைத்துத் தடவுதல் தக்கது. எனவே கசிந்த கலம் எவ்வகையது என்பதை அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்தறிந்தபின்னரே மருந்திடுக. நோய்நாடி அதன் முதல்நாடிச் செய்வதே மருத்துவமாதல் போல, பொறிக்கும் அதுவே நெறி.

முனைகள் முழுதும் அரிக்கப்பட்டிருப்பின் தூய்மை செய்தல் பயன்றராது. புதிய முனைகளை வாங்கி மாற்றுதலே வழி. இவையெல்லாம் வந்தபின் காக்கும் வழி. வருமுன் காக்கும் வழியோ மிக எளிது: ஒரு திங்களுக்குமேல் ஆடாதிருப்பீராயின் மின்கலங்களை எடுத்துவைப்பீராக. இவ்வொரு வரியைக் கடைப்பிடித்திருப்பின் மடிந்த பொறிகளுள் எத்துணையோ பொறிகள் இன்று உயிரோடிருக்கும்.

கார்ட்ரிட்ஜும் தொடுவாய்களும்

கேம் பாயில் ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனிக் கார்ட்ரிட்ஜில் அமைந்தது. கார்ட்ரிட்ஜின் அடியில் 32 தொடுவாய்கள் வரிசையாக உள்ளன. அவை பொறியின் பின்புறத்துள்ள இணைப்பானோடு பொருந்தினாலன்றி விளையாட்டுத் தோன்றாது. இலக்கணம் பயில்வார்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் செவ்வனே கூடினாலன்றிப் புணர்ச்சி அமையாது. இடையே தூசியும் அழுக்கும் புகின் வேண்டாத விகாரம் தோன்றுகின்றது.

அவ்விகாரத்தைப் பொறியே நமக்குக் காட்டித்தருகின்றது. சுவிட்ச் இட்டவுடன் கம்பெனியின் பெயர் திரையின் மேலிருந்து இறங்கிவருவதைக் கண்டிருப்பீர். அப்பெயரின் உருவம் கார்ட்ரிட்ஜினின்று படிக்கப்படுவது. பொறியினுள் 256 பைட்டு அளவுள்ள சிறிய தொடக்க நிரல் ஒன்று உண்டு. அது கார்ட்ரிட்ஜில் உள்ள 48 பைட்டு உருவத்தைத் தன்பால் உள்ள உருவத்தோடு ஒப்பிட்டு நோக்கும். இரண்டும் ஒத்தால் விளையாட்டைத் தொடங்கும். ஒவ்வாவிடின் அவ்விடத்தே நின்றுவிடும். ஆகவே பெயர் சிதைந்து தோன்றுமாயின் தொடுவாயில் அழுக்குளது என்றும், பெயருக்கு மாறாகக் கருங்கட்டம் ஒன்றே தோன்றுமாயின் கார்ட்ரிட்ஜ் சிறிதும் படிக்கப்படவில்லை என்றும் அறிக. பொறி பழுது என்று அஞ்சவேண்டா.

சிறுவர் பலரும் கண்ட மருந்து ஒன்று உண்டு. அது கார்ட்ரிட்ஜின் வாயில் ஊதுதல். ஊதியபின் விளையாட்டு நடந்ததைக் கண்டோர் ஊதியதே காரணம் என்று கருதினர். உண்மையில் மீண்டும் எடுத்துச் செருகியதாலேயே தொடுவாய்கள் உராய்ந்து பொருந்தின. மூச்சிலுள்ள ஈரமோ உலோகத்தின்மேற் படிந்து நாளடைவில் அதனைக் கெடுக்கின்றது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகாது என்று தருக்க நூலில் நாம் பயிலும் பாடத்திற்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டு வேறில்லை.

செய்யத்தக்கது யாதெனின், பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்து, தொடுவாய்களின் நெடுக்கே மெல்லத் தேய்த்தல். பஞ்சு கருமையாகும், புதிய குச்சி கருமை கொள்ளாத வரையில் தொடர்க. பின்னர் உலர்ந்த குச்சியால் துடைத்துச் சில நிமிடம் காயவிடுக. உப்புத்தாளால் தேய்ப்பின் தொடுவாய்களின்மேலுள்ள மெல்லிய பொன்முலாம் நீங்கிவிடும். நீங்கியபின் உள்ளிருக்கும் உலோகம் விரைவிற் களிம்பேறும். ஒருநாள் பளபளப்பிற்காக ஓராயுளை இழத்தல் அறிவுடைமையன்று. பொறியினுள் உள்ள இணைப்பானுக்குக் குச்சி எட்டாதாகலின், தூய்மை செய்த கார்ட்ரிட்ஜின் தொடுவாய்களிற் சிறிது ஆல்கஹால் தடவி, மின்கலம் இல்லாத பொறியிற் பலமுறை செருகி எடுத்தல் ஒரு வழியாகும்.

பொத்தான்களும் சுவிட்சும்

அமுக்கினும் ஏவல் கேளாத பொத்தான், அல்லது அமுக்கியவாறே ஒட்டிக்கொள்ளும் பொத்தான், வியர்வையாலும் சிந்திய இனிப்புப் பானத்தாலும் நேர்வது. பொத்தானின் அடியிற் சிலிக்கோன் ரப்பர் விரிப்பு ஒன்றும், அதன் கீழ்ப்புறத்திற் கரிப்பூச்சுடைய சிறு வட்டமும் உள்ளன. பொத்தானை அமுக்கும்போது அக்கரிவட்டம் பலகையிலுள்ள இருதடங்களைத் தொட்டு மின்னோட்டத்தை இணைக்கின்றது.

பிளாஸ்டிக்கால் ஆகிய பொத்தான்களையும் வெறுங்கூட்டையும் வெதுவெதுப்பான சோப்புநீரிற் கழுவலாம். மின்னுறுப்பு ஒன்றும் அவற்றோடு ஒட்டியிராமை காண்க. பலகைத் தடங்களை ஆல்கஹாலால் துடைக்க. கரிவட்டத்தை மட்டும் அழுத்தித் தேய்க்கற்க. அழுத்தினாற் கரி உதிர்ந்துவிடும். ஈரந்தொட்ட துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தலே போதும். யாவும் முற்றும் உலர்ந்தபின்னரே பூட்டுக.

பொறி தானே நின்று தானே தொடங்குமாயினும், ஒளி நடுங்குமாயினும் சுவிட்ச்சின் உள்ளே களிம்பேறியுள்ளது என்று ஐயுறுக. மின்கலத்தை நீக்கிவிட்டு, ஒரு துளி ஆல்கஹால் இட்டு, முப்பது முறை முன்னும் பின்னும் தள்ளினாற் பெரும்பாலும் சீர்ப்படும். ஒலிப்பெருக்கச் சக்கரத்தைத் திருப்புங்கால் கரகரவென்னும் ஓசை எழுமாயின் அதற்கும் இதுவே மருந்து. ஒலி பெருக்கியில் ஓசை கேளாது, செவியிற் செருகும் ஒலிவாங்கியிற் கேட்குமாயின், குற்றம் ஒலிபெருக்கியிலோ செவிக்கருவி செருகும் துளையின் உட்தகட்டிலோ உள்ளது. பொறியின் மூளையில் இல்லை.

திரை

திரையின்மேல் உள்ள மூடி கண்ணாடியன்று, பிளாஸ்டிக். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அத்துணியிலுள்ள மணற்றுகளே அதனைக் கீறிவிடும். முதலிற் பிரஷ்சால் தூசியை ஓட்டிப் பின்னர் நீர்தொட்டுப் பிழிந்த துணியால் துடைக்க. அச்சிட்ட எழுத்துகள் அழியக்கூடுமாகலின் இவ்விடத்து ஆல்கஹால் வேண்டா. பொறியை வெயிலில் வைத்தலும் தகாது. வெப்பத்தால் உள்ளிருக்கும் ஒளிவடிகட்டும் ஏடு கருகிக் கறைப்படும்.

பழைய கேம் பாய்களிற் பலவற்றில் திரையின் மேலிருந்து கீழாகச் சில கோடுகள் மறைந்து வெறுமையாய்த் தோன்றும். திரைக்கண்ணாடியின் கீழ்விளிம்பில் வெப்பத்தால் ஒட்டப்பட்ட நாடாவின் பிடிப்பு நெகிழ்வதே இதற்குக் காரணம். சூடேற்றிய பற்றவைக்கும் கோலை அந்நாடாவின் ஒட்டுவாயின்மேல் மெல்ல ஓட்டினால் பிடிப்பு மீண்டும் இறுகிக் கோடுகள் திரும்பும். இது கைதேர்ந்தார் செய்யத்தக்கது. சூடு மிகுந்தாலும், ஓரிடத்தில் நின்றாலும் நாடா கருகிவிடும். முதன்முறை செய்வார் பயனற்ற பொறியொன்றிற் பழகிய பின்னரே நற்பொறியைத் தொடுக.

சாம்பல் நிறக்கூடு மஞ்சளாதல் குறித்தும் பலர் வருந்துவர். ஹைடிரஜன் பெராக்சைடு தடவி வெயிலிலோ புறவூதா ஒளியிலோ வைத்து நிறத்தை மீட்பார் உளர். அம்முறை சில நாள் பயன்றரினும் மஞ்சள் மீண்டும் படர்தல் உண்டு. என் கருத்து யாதெனின், முதுமையின் நிறம் குற்றமன்று. அதனை விட்டுவிடுதலே நன்று.

கார்ட்ரிட்ஜின் உள்ளிருக்கும் நினைவு

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. 1989-இல் வந்த "டெட்ரிஸ்" முதலிய விளையாட்டுகள் ஆடியவன் பெற்றதை நினைவில் வையா. சுவிட்ச்சை நிறுத்தினால் யாவும் அழியும். 1991-இல் வந்த "மெட்ராய்டு 2," 1993-இல் வந்த "செல்டா" வரிசை நூலாகிய "லிங்க்ஸ் அவேக்கனிங்," 1996-இல் ஜப்பானில் வந்த "போக்கிமான்" ஆகியவை அவ்வாறல்ல. இவற்றின் கார்ட்ரிட்ஜினுள்ளே ஒரு நினைவகச் சில்லும், அதற்கு இடையறாது மின்னூட்டும் காசுபோன்ற சிறு மின்கலமும் உள்ளன. மின்னூட்டம் ஒரு நொடி அறுந்தாலும் நினைவு முழுதும் மறையும். அம்மின்கலம் பதினைந்து ஆண்டளவு நிற்பது பொதுவியல்பு. சில மிக நெடிது நிற்கும். 1999-இல் வந்த போக்கிமான் "கோல்டு," "சில்வர்" என்பவற்றில் நாளும் மணியும் காட்டும் கடிகாரமும் அமைந்தமையால் அவற்றின் கலம் விரைவில் தீரும்.

எங்கள் தாய்மாமன் சிறுவராயிருந்த நாளிற் சிங்கப்பூரினின்று வந்த உறவினர் ஒருவர் அவருக்குக் கேம் பாய் ஒன்றும் போக்கிமான் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் அளித்தனர். அவர் பள்ளி விடுமுறைகளில் ஆடிச் சேர்த்தவை யாவும் அதனுள் இருந்தன; அவற்றுள் ஒன்றிற்கு மறைந்த என் பாட்டியாரின் செல்லப்பெயரை இட்டிருந்தார். சென்ற ஆண்டு அப்பொறியை நான் தூய்மை செய்து இயக்கியபோது, அப்பழைய ஆட்டம் அழியாது நின்றமை கண்டு அனைவரும் வியந்தோம். மாமன் அப்பெயரை எனக்குச் சுட்டிக்காட்டி நகைத்தார். "மின்கலம் மிகப் பழையது, மாற்றிவிடுகிறேன், மாமா" என்றேன். மறுநாள் கார்ட்ரிட்ஜைத் திறந்து, பழைய கலத்தின் வலியை அளந்து பார்க்கக் கருதி, அதனைப் பலகையினின்று பெயர்த்தெடுத்தேன். கலத்தில் இன்னும் வலி இருந்தது. நினைவகத்தில் ஒன்றும் இல்லை.

மாமன் என்னைச் சினந்திலர். "போகட்டும் மருமகனே, அடுத்தவர் பொருளையாவது படியெடுத்துக்கொண்டு தொடு" என்று மட்டுமே சொன்னார். அச்சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கலத்தைப் பெயர்க்காமலே அதன் இருபுறத்தும் மீட்டரின் முனைகளை வைத்து அளந்திருக்கலாம் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஆகவே முறை இது. முதலாவது, கார்ட்ரிட்ஜிலுள்ள நினைவைக் கணிப்பொறியிற் படியெடுக்க. அதற்குரிய சிறு கருவிகள் இப்பொழுது விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டாவது, எடுத்த படி செவ்வையாய் உள்ளதா என்று ஒப்பிட்டு நோக்குக. மூன்றாவது, 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள தனிவகைத் திருப்புளியாற் கார்ட்ரிட்ஜைத் திறந்து, கலத்தின்மேற் பொறித்துள்ள எண்ணைப் படிக்க. சி.ஆர். 1616 என்பது 16 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் கனமும் உடையது, சி.ஆர். 2025 என்பது 20 மில்லிமீட்டர் அகலமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உடையது. இரண்டும் 3 வோல்ட்டுக் கலங்களே. நான்காவது, தகட்டு வால்கள் முன்னரே பொருத்தப்பட்ட புதிய கலத்தை வாங்கி, அவ்வால்களை மட்டும் பலகையிற் பற்றவைக்க. கலத்தின்மேல் நேரே சூடு வைத்தால் அது வெடித்தல் கூடும். நேர்முனையும் எதிர்முனையும் மாறாமை காண்க. ஒட்டுத்தாளால் ஒட்டிவிடுவார் சிலர். கார்ட்ரிட்ஜ் ஒருமுறை கீழே விழுந்தால் அப்பிடிப்பு நெகிழும், நினைவும் போம். ஐந்தாவது, படியெடுத்து வைத்ததை மீண்டும் கார்ட்ரிட்ஜில் ஏற்றுக.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ஓலைச்சுவடி நெடுநாள் நில்லாது என்றறிந்த நம் முன்னோர், ஏடு சிதையுமுன் புத்தேட்டிற் படியெழுதி வைத்தனர். படியெழுதப்பட்ட நூல்கள் நம் கைக்கு வந்தன. எழுதப்படாதவை பலவற்றின் பெயரை மட்டும் உரைகளிற் காண்கின்றோம். ஓலையாயினும் சில்லாயினும் ஏற்பது ஒன்றே: தாங்கும் பொருள் அழியும், தாங்கப்படுவது படியால் வாழும்.

எடுத்துவைக்கும் முறை

தூய்மை செய்த பொறியை மின்கலமின்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், நூலுதிராத துணியிற் சுற்றி வைக்க. மழைக்காலத்தில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றையும் உடன் இடுக. ஆண்டிற்கு இருமுறை வெளியே எடுத்து இயக்கிப் பார்க்க.

பிற்காலத்துப் பொறிகள் பல, மின்னேற்றக்கூடிய லித்தியம் கலத்தை உள்ளடக்கியவை. அவற்றை முற்றும் வடியவிட்டு வைத்தலும், முழுதும் ஏற்றி வைத்தலும் நன்றல்ல. பாதியளவு ஏற்றி வைத்து, ஆறு திங்களுக்கு ஒருமுறையேனும் மீண்டும் ஏற்றுக. கலம் உப்பிக் கூட்டை நெம்புமாயின் உடனே ஆட்டத்தை நிறுத்துக. குத்தவும் நசுக்கவும் செய்யாது, அறிந்தாரிடம் கொடுத்து நீக்குக. காற்றாடி பொருந்திய பொறிகளில் காற்றுவாயை மாதந்தோறும் பிரஷ்சால் துடைத்துவருக. தூசி அடைத்தால் உள்வெப்பம் மிகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் கூறுவேன். ஆடாத நாளில் மின்கலத்தை நீக்குக. கசிந்தது காரமா அமிலமா என்று தெரிந்து மருந்திடுக. தொடுவாயில் ஊதற்க, ஆல்கஹாலாற் றுடைக்க. கரிவட்டத்தை அழுத்தற்க. திரையை வெயிலில் வையற்க. எல்லாவற்றினும் மேலாக, திருப்புளியைக் கையில் எடுக்குமுன் உள்ளிருப்பதைப் படியெடுக்க.

எங்கள் வீட்டுக் கேம் பாய் இன்று கோடொன்றும் மறையாத திரையோடும், கரகரப்பில்லாத ஒலியோடும் இயங்குகின்றது. புதிய மின்கலமும் செவ்வனே பொருந்தியுள்ளது. மாமன் வரும்போதெல்லாம் அதனைக் கையில் எடுத்து ஆடுகின்றார். அவர் முதலிலிருந்து தொடங்கியுள்ளார். தமக்குக் கிட்டிய முதலாவதற்கே பாட்டியாரின் பெயரை மீண்டும் இட்டுள்ளார். அந்நினைவை நான் திங்கள்தோறும் படியெடுத்து வைக்கின்றேன்.